மூன்றரையில் நின்ற கடல்

ஓசூரில் ஆடிக் காற்று தூறலையும் கூட்டிக்கொண்டுதான் வரும். மாடியில் காயப்போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. அந்த ஆடியில் மூக்கண்டப்பள்ளியில் கமலக்கண்ணன் வீட்டில் துணியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கூடத்தில் டீவிக்குப் பக்கத்தில் இருந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் காலை ஆறரை மணிக்கே மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நேத்து அந்தக் கல்லு மேலல்ல இருந்துச்சு?" என்றாள் சரஸ்வதி, கமலக்கண்ணனின் அம்மா.

"நகர்ந்திருக்குது அத்தை," என்றாள் ரேவதி.

"காலு இல்லாம எப்படித்தா நகருது?"

"அடியில பாதம் மாதிரி ஒண்ணு இருக்குது. அதை வெச்சுத்தான் ஒட்டிக்கும். இடம் பிடிக்கலன்னா விட்டுட்டு வேற இடம் தேடும்."

சொல்லி முடித்ததும் ரேவதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கமலக்கண்ணன் மனைவியையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினான்.

அது கடல் சாமந்தி. பெயர்தான் பூ. உண்மையில் பூச்சியும் இறாலும் தின்கிற பிராணி. நன்றாக இருந்த நாளில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, விரல் விரலாக நூறு கைகளை அசைத்துக்கொண்டிருக்கும். பழுப்பு உடம்பு, நுனியில் கத்தரிப்பூ நிறம். அதன் மடியில் இரண்டு கோமாளி மீன்கள் குடியிருந்தன. இப்போது அது எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கி, நிறம் வெளுத்து, நடுவில் இருந்த வாய் தளர்ந்து திறந்து கிடந்தது. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. வீடு ஏன் சின்னதாகிவிட்டது என்று தெரியாமல் அதன் மேலேயே போய் முட்டிக்கொண்டிருந்தன.

"சோத்துக் கத்தாழையை வேகவச்ச மாதிரி கெடக்கு," என்றாள் சரஸ்வதி.

"அம்மா, சும்மா இரு."

"நான் என்னத்தடா சொல்லிட்டேன்? கண்ணுல படுறதச் சொன்னேன்."

ஜன்னல் திரைக்கு வாங்கி மீந்த வலைத்துணியை ரேவதி எடுத்து, தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன மோட்டாரைச் சுற்றி ஊசி நூலால் தைக்க உட்கார்ந்தாள். பிடி இல்லாமல் அலைகிற சாமந்தி மோட்டார் வாயில் போய் மாட்டினால் அரைபட்டுச் செத்துப்போகும். தொட்டி முழுக்க நாறிவிடும், மீன்களும் மிஞ்சாது.

ரேவதிக்கு ஊர் நாகரசம்பட்டி. அப்பாவுக்கு மாந்தோப்பு. கடலை அவள் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை. சிப்காட்டில் ஒரு வண்டிப் பாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை கிடைத்து, ஆவலப்பள்ளியில் ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்த ஏழு வருடத்தில்தான் இந்தத் தொட்டியை வைத்துக்கொண்டாள். வரன் பார்த்து வரன் பார்த்து முப்பத்து நாலு ஆகிவிட்டது. கமலக்கண்ணனுக்கு முப்பத்தெட்டு. அருப்புக்கோட்டையிலிருந்து வந்து பதினைந்து வருடமாக சிஎன்சி மெஷின் செட்டராக இருக்கிறான். பெண் பார்க்க வந்தபோது, ஏதாவது சொல்லணுமா என்று அவன் கேட்டான்.

"என் தொட்டியும் கூட வரும்ங்க," என்றாள் ரேவதி.

"வரட்டும். எத்தனை லிட்டர்?"

அந்தக் கேள்விக்காகத்தான் சரி என்று சொன்னேன் என்று பின்னாளில் அவனிடமே சொல்லியிருக்கிறாள். முன்னே வந்து பார்த்த இரண்டு பேர், கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் எதுக்கு என்று கேட்டவர்கள்.

தையில் கல்யாணம். தொட்டி வந்து, தண்ணீர் தெளிந்து, சாமந்தியும் நன்றாகவே விரிந்தது. வைகாசியில் அவள் பிறந்தநாள் வந்தது. கமலக்கண்ணன் புடவை வாங்கவில்லை. பாகலூர் ரோட்டில் டூல்ஸ் கடைக்குப் போய், தன் கம்பெனியில் மெஷினுக்கு ஊற்றுகிற கூலன்ட் எண்ணெயின் அளவு பார்க்க வைத்திருக்கும் மீட்டரைப் போலவே ஒன்று வாங்கிவந்தான். கைக்கு அடக்கமான கறுப்புக் குழல். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற இடத்தில் எண் தெரியும்.

"உப்பு பார்க்க நீ வச்சிருக்கிற முள்ளு டப்பா பிளாஸ்டிக். அதை எல்லாம் நம்பலாமா? இது சதவீதம் காட்டும். கடல்ல உப்பு மூணரை சதவீதம்தானே?"

ரேவதி தரப் பரிசோதனைக்காரி. பரிசு என்று வந்தாலும் சோதிக்காமல் விடமாட்டாள். மெடிக்கல் கடையில் சுத்த நீர் வாங்கிவரச் சொல்லி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். சரியாகப் பூஜ்யம்.

"ஜீரோ கரெக்டா நிக்குதுங்க," என்று அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புடவை வாங்காதது சரிதான் என்று பட்டது.

அன்று சமையல் தாமதமானது. இருவரும் கையில் கிடைத்ததை எல்லாம் அளந்தார்கள். மோர், ரசம், சாதம் வடித்த கஞ்சி. சரஸ்வதி குடித்துக்கொண்டிருந்த இளநீரில் ஒரு சொட்டு வாங்கி விட்டதற்கு ஐந்து காட்டியது.

"கடலுக்கு மூணரைங்கிற, எளநிக்கு அஞ்சுங்கிற. கடலைவிட எளநியிலயாடா உப்பு கூட?" என்றாள் சரஸ்வதி.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தொட்டித் தண்ணீர் நாலரைக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. ரேவதியின் சிரிப்பு நின்றது.

"ஏழு வருஷமா நான் உப்பு அதிகமா போட்டுட்டு இருந்திருக்கேனா?"

"முள்ளு டப்பா பண்ண வேலை. விடு. இனிமே சரி பண்ணிக்கலாம்."

ஒரேயடியாக மாற்றக்கூடாது என்று மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றி, மூன்றரைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முள் டப்பா குப்பை வண்டியோடு போனது. தினமும் காலையில் மூன்றரை என்று ரேவதி நோட்டில் எழுதினாள்.

ஆனி பாதியில் சாமந்தி சுருங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததற்கு ஒரு ஒழுங்கு இல்லை. விளக்கு போதவில்லையோ என்று கூட ஒரு விளக்கு மாட்டினார்கள். வெளிச்சம் அதிகமோ என்று நாலாம் நாள் கழற்றினார்கள். தண்ணீர் கேன் போடுகிற ஆளை மாற்றினார்கள். கொசுவர்த்தியை நிறுத்தினார்கள். சரஸ்வதி வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை யாரும் சொல்லாமலேயே விட்டுவிட்டாள். அதை ரேவதி கவனித்ததும் அவளுக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

"நீங்க போடுங்க அத்தை. அதனால இல்ல."

"எதனாலன்னு தெரியலைல்ல? தெரியுற மட்டும் எதுக்குப் போடணும்? சாமி கோவிச்சுக்காது."

பச்சைப் பட்டாணி அளவு இறால் துண்டை இடுக்கியில் பிடித்து அதன் கைகளில் வைத்தால், வாங்கிக்கொள்வது போல மெல்ல மூடும். அரை மணி நேரத்தில் அப்படியே வெளியே தள்ளிவிடும். தள்ளியதைத் தேடி எடுக்காவிட்டால் தண்ணீர் கெடும். ரேவதி முழங்கை வரை கையை விட்டுத் துழாவி எடுப்பாள். உப்பில் ஊறி விரலிடுக்குகள் வெடித்துப்போயின.

அத்திபெலேயில் மீன் கடை வைத்திருந்தவரிடம் ஃபோனில் கேட்டாள். அவர் தமிழையும் கன்னடத்தையும் குழைத்துப் பேசுகிறவர்.

"உப்பு எஷ்டு மேடம்?"

"மூணரை சார். மீட்டர்ல பார்க்கிறோம்."

"சரி இதெ. டெம்பரேச்சர்?"

"இருபத்தாறு."

"அதுவும் சரி. எல்லா சரி இதெ மேடம், ஆனா அதுக்கு ஏனோ ஆகல்ல. சில சமயம் ஜாகா மாறினா ஹீகே ஆகுது. விட்டுடுங்க, புதுசு ஒந்து தரேன்."

இடம் மாறினால் இப்படித்தான் ஆகும். அதை ரேவதி யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை வெண்டைக்காய் நறுக்கும்போது, கத்தியை வைத்துவிட்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமலக்கண்ணன் வந்து நின்றான்.

"என்ன?"

"ஒண்ணும் இல்லைங்க. ஆவலப்பள்ளி ரூம் ஓனரம்மாகிட்ட பேசினேன். ரூம்ல இப்ப யாரும் இல்லையாம்."

"சரி?"

"தொட்டியை அங்கேயே கொண்டுபோய் வெச்சுப் பார்க்கலாமான்னு. அங்க ஏழு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அங்க யார் பார்த்துக்குவா?"

"நான்தான் பார்க்கணும். கொஞ்ச நாள் அங்கேயே இருந்து..."

வெண்டைக்காய் பாதி நறுக்கியபடி கிடந்தது. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கமலக்கண்ணனுக்குக் கேட்கத் தெரியவில்லை. தொட்டிக்காகப் போகிறாளா, தொட்டியைச் சொல்லிப் போகிறாளா? இந்த ஏழு மாதத்தில் தான் ஏதாவது தப்பாக நடந்துகொண்டோமா என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றும் தோன்றாததே ஒரு தப்போ என்றும் இருந்தது.

சரஸ்வதிதான் நடுவில் புகுந்தாள். "ஆடியில சாமான் செட்டு எடுக்கப்படாது. ஆவணி பொறக்கட்டும்."

அது சம்பிரதாயமா, அவகாசம் கேட்டதா என்று தெரியவில்லை. ரேவதி தலையாட்டினாள். ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முனிவேல் என்பவரின் மினி லாரியைச் சொல்லிவைத்தாள்.

அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் கம்பெனியில் அந்தக் கை அரிப்பு விவகாரம் வந்தது. கமலக்கண்ணனின் வரிசையில் நாலு ஆபரேட்டர்களுக்கு முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டது. பராமரிப்புப் பிரிவு அழகர்சாமி, மதுரைக்காரர், டீ நேரத்தில் கூலன்ட் டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மீட்டர் ஆறு காட்டுது மாப்ள. போன மாசமும் ஆறு, இந்த மாசமும் ஆறு. அப்புறம் எதுக்குய்யா இவனுகளுக்குச் சொறியுது?"

"எண்ணெய் கம்பெனி மாத்தியாச்சே?"

"மாத்துனா? ஆறுன்னா ஆறுதானேய்யா?"

அதற்குள் எண்ணெய் சப்ளை செய்கிறவரின் ஆள் வந்தான். டிரம்மைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைக் காட்டினான். பொடி எழுத்தில் ஒரு வரி. மீட்டர் காட்டுவதை ஒன்று புள்ளி ஆறால் பெருக்க வேண்டும்.

"பழைய எண்ணெய்க்குப் பெருக்க வேண்டியதில்ல சார். இதுக்குப் பெருக்கணும். ஆறு காட்டினா நிஜத்துல ஒன்பதரைக்கு மேல. கை அரிக்காம என்ன பண்ணும்?"

"எவன்யா டிரம்முக்குப் பின்னாடி போய்ப் படிப்பான்?" என்றார் அழகர்சாமி. "மீட்டர்னா உள்ளதைக் காட்டணும்."

"மீட்டர் சர்க்கரைக்குக் கோடு போட்டது சார். கரும்புக்காரங்க, பழக்காரங்க வெச்சிருப்பாங்க. அதுல என்னத்தை விட்டாலும் சர்க்கரையா நினைச்சுத்தான் எண் சொல்லும். நாமதான் கணக்குப் போட்டுக்கணும்."

கமலக்கண்ணனின் கையில் இருந்த டீ ஆறியது. இளநீரும் அஞ்சும் நினைவுக்கு வந்தன. அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"ஏங்க, உப்புத் தண்ணியை விட்டா?"

"உப்புக்குன்னு தனி மீட்டர் விக்குதே சார்."

சாப்பாட்டு நேரத்தில் அவன் சாப்பிட உட்காரவில்லை. கேன்டீன்காரரிடம் உப்பு மட்டும் வாங்கிக்கொண்டு, ஸ்டோர் தராசில் முப்பத்தைந்து கிராம் நிறுத்தான். தொள்ளாயிரத்து அறுபத்தைந்து கிராம் தண்ணீரில் கரைத்தான். சரியாக மூன்றரை சதவீதம். ஒரு சொட்டைக் கம்பெனி மீட்டரில் விட்டு வெளிச்சத்துக்குத் தூக்கினான். கோடு நாலேகாலில் நின்றது.

துடைத்துவிட்டுத் திரும்ப விட்டான். நாலேகால்.

அப்படியானால் தொட்டியில் மூன்றரை என்று காட்டியது உண்மையில் மூன்றுகூட இல்லை. கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான உப்பைத் தன் கையாலேயே எடுத்து வெளியே ஊற்றியிருக்கிறான். மீன் தாங்கும். சாமந்தி தாங்கவில்லை. ரேவதியின் ஏழு வருடக் கணக்குச் சரி. அவன் பிறந்தநாள் பரிசுதான் தப்பு.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். தூறலில் ராயக்கோட்டை ரோடு மங்கலாகத் தெரிந்தது. சொல்லாமலே சரி செய்துவிடலாம். தினமும் ஊற்றுகிற தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கலந்துவிட்டால் போதும். சாமந்தி தேறிவிடும். இந்த வீடு ஒத்துக்கொண்டது என்று ரேவதி நினைத்துக்கொள்வாள், போகமாட்டாள். சொன்னால்? இத்தனை நாள் என்னையே நான் சந்தேகப்பட வைத்தது நீங்களா என்று கேட்பாள். இறங்கும் இடம் வரும்வரை ஒரு முடிவுக்கும் அவன் வரவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் வரவில்லை. உள்ளே, ரேவதி தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, வெடித்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரேவதி, மீட்டர் தப்பு. நான் வாங்கிட்டு வந்தது தப்பு."

அவள் புரியாமல் பார்த்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். டிரம், சர்க்கரைக் கோடு, கேன்டீன் உப்பு. அவள் எழுந்து சமையலறைத் தராசை எடுத்தாள். தானே நிறுத்து, தானே கரைத்து, தானே சொட்டு விட்டுப் பார்த்தாள். ஒருமுறை, இரண்டுமுறை.

"அப்ப என் முள்ளு சரியாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"ஜீரோ பார்த்துட்டு நானும் விட்டுட்டேன். வேலையில இப்படி ஒரு மீட்டரை நான் பாஸ் பண்ணியிருந்தா..."

"நான்தானே வாங்கிட்டு வந்தேன்."

"பேசாம இருங்க கொஞ்ச நேரம்."

சமையலறையில் சப்பாத்தி மாவை அவள் பிசைகிற சத்தம் கூடம் வரை கேட்டது. சரஸ்வதி மகன் பக்கம் குனிந்தாள்.

"என்னடா, கோவமா அழுகையா?"

"தெரியலம்மா."

"நான் அன்னைக்கே கேட்டேன்ல, எளநியில எப்படிடா உப்புன்னு?"

"கேட்ட."

"கிறுக்குப் பிடிச்சாப்ல சிரிச்சீக."

உள்ளே மாவு பிசைகிற சத்தம் நின்றது. ரேவதி சிரிக்கிறாளா என்று இருவரும் காது கொடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி பிசைகிற சத்தம்தான் வந்தது.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. அவசரப்பட்டால் இருக்கிற உயிரும் போய்விடும். ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக வெறும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தி உப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். வாளியில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, ஒரு பகல் முழுக்கச் சுற்றவிட்டு, மாலையில் டம்ளர் டம்ளராக விட்டார்கள். ஷிஃப்டுக்குத் தகுந்தபடி ஒருநாள் அவன், ஒருநாள் அவள். அவளுக்கு இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் வந்த அன்று சரஸ்வதியே சேலையைச் செருகிக்கொண்டு ஊற்றினாள். நோட்டில் மூன்றரைக்குக் கீழே மூன்றே முக்கால், நாலு, நாலேகால் என்று ஏறியது. புது முள் டப்பா ஒன்றும் வந்தது. ரேவதி இரண்டிலும் பார்த்து இரண்டையும் எழுதினாள்.

பேச்செல்லாம் தொட்டியைப் பற்றித்தான்.

"இறால் வெச்சீங்களா?"

"வச்சேன்."

"துப்பிடுச்சா?"

"ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் துப்பல."

"இருங்க, நான் பார்க்கிறேன்."

துப்பவில்லை. வெளுத்த கைகள் கொஞ்சம் நீண்டு அசைந்தன. வாய் இறுகி மூடியது. பத்தாம் நாள் சாமந்தி மறுபடி காணாமல் போய், தேடினால் கல்லுக்கும் போகாமல், மணலுக்கும் போகாமல், தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்தால் தெரியாத மூலை. சமையலறை வாசலில் நின்றால்தான் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் அதன் பாதம் ஓட்டை விழாத தோசை போல அழுத்தமாகப் பதிந்திருந்தது. கோமாளி மீன்கள் இரண்டும் அங்கே போய்க் குடியேறிவிட்டன.

"நல்ல எடமா எம்புட்டு வச்சுக் குடுத்தோம். மூலைக்குப் போயி ஒட்டிக்கிருச்சே," என்றாள் சரஸ்வதி.

"அதுவா தேடின இடம் அத்தை. அசைக்கக்கூடாது."

முனிவேல் வண்டியைப் பற்றி ரேவதி ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டாமென்று சொல்லிவிட்டாளா, மறந்துவிட்டாளா, வரட்டும் என்றே விட்டுவிட்டாளா? கமலக்கண்ணன் மூன்று தடவை கேட்க வாயெடுத்து, மூன்று தடவையும் இறாலைப் பற்றிக் கேட்டான்.

ஆவணி முதல் ஞாயிறு வெயில் அடித்தது. பத்து மணிக்குக் கீழே ஹாரன் கேட்டது. முனிவேல் தோளில் துண்டோடு மேலே வந்தார்.

"அக்கா, தொட்டியில தண்ணி எறச்சாச்சா? ஃபுல்லா இருந்தா தூக்க முடியாதுக்கா."

சரஸ்வதி பூண்டு உரிப்பதில் மும்முரமானாள். கமலக்கண்ணன் சமையலறை வாசலில் நின்று கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான். அதைப் பிய்க்காமல் தொட்டியைக் கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிடலாமா? அதைச் சொல்லித்தான் அவளை நிறுத்த வேண்டுமா?

ரேவதி அறையிலிருந்து கைப்பையோடு வந்தாள்.

"தொட்டி வரலைங்கண்ணா. வேற சாமான் இருக்குது. ஆவலப்பள்ளியில இருந்து இங்க எடுத்துட்டு வரணும்."

"அங்கிருந்து இங்கியா? என்னக்கா, உல்ட்டாவா சொல்றீங்க?"

"ஆமாங்கண்ணா. வண்டியைத் திருப்பி நிறுத்துங்க, வர்றேன்."

முனிவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கமலக்கண்ணன் அவளையே பார்த்தான்.

"அங்க என்ன சாமான்? எல்லாத்தையும் தையிலயே எடுத்துட்டு வந்தோமே?"

"எல்லாத்தையும் இல்லைங்க." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "ரூம் காலியா இருக்குன்னு அன்னைக்குச் சொன்னேன்ல, அதை நான் இன்னும் விடல. மாசாமாசம் வாடகை போய்க்கிட்டுத்தான் இருக்குது."

"கல்யாணம் ஆனதுல இருந்தா?"

"ஆமா."

பூண்டு உரிக்கிற கை நின்றது.

"எதுக்கு?"

"தெரியலைங்க. சரியா வரலன்னா போறதுக்கு ஒரு இடம் இருக்கட்டும்னு. உங்க மேல குறை இல்ல. ஏழு வருஷம் தனியா இருந்துட்டேன்." அவள் குரல் தழைந்தது. "அன்னைக்கு நீங்க செருப்பைக் கழட்டின கையோட வந்து சொன்னீங்க. எனக்கு அதைக் கேட்டு இத்தனை நாள் ஆச்சு, இதைச் சொல்ல."

கமலக்கண்ணன் அந்தக் கைப்பையைப் பார்த்தான். ஏழு மாதம் தன் பக்கத்தில் படுத்திருந்தவள் இன்னொரு அறையின் சாவியை வைத்திருந்திருக்கிறாள். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதே நேரம் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவள் கிளம்பி நிற்கிறாள் என்பதும் தெரிந்தது. இரண்டில் எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

"என்னடா மரமாட்டம் நிக்கிற?" என்றாள் சரஸ்வதி. "சாமானை அவ ஒத்தையிலயா தூக்குவா?"

கீழே ஹாரன் மறுபடி அடித்தது. ரேவதி செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்றாள். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

"என்னென்ன இருக்கு?" என்று கேட்டான் கமலக்கண்ணன்.

"கட்டில், பீரோ. ஒரு மேசை."

அவன் பரணிலிருந்து நைலான் கயிற்றை எடுத்தான். "ஒண்ணு போதுமா?"

"ரெண்டா எடுத்துக்கங்க," என்றாள் ரேவதி. "பீரோ பெருசுங்க."